முட்டுக்காட்டில் ‘அரசு’ யார்? அரசுசார் அமைப்புகளின் சட்டத் தகுதியும் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரச் சிற்றூரான முட்டுக்காட்டில் அரசு ஒரே உருவில் இயங்கவில்லை. துறை, நிறுமம், பதிவுபெற்ற சங்கம், சட்டத்தால் அமைந்த ஆணையம், ஊராட்சி எனப் பல சட்ட வடிவங்களில் அது அங்கே காணப்படுகிறது. ஒரு தீங்கு நேரும்போது இவற்றுள் எதனை, எந்த மன்றத்தில், எக்கால எல்லைக்குள் பொறுப்பாக்க இயலும் என்பதை அந்தந்த வடிவமே தீர்மானிக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 12 குறித்து உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்கள், தீங்கியல் இழப்பீடு குறித்த தீர்ப்புகள், கடலோர ஒழுங்குமுறைச் சட்டங்கள் ஆகியவற்றை முட்டுக்காட்டு உப்பங்கழியைச் சுற்றியுள்ள அமைப்புகளுடன் பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முட்டுக்காடு, உறுப்பு 12, அரசு நிறுமம், பதிவுபெற்ற சங்கம், இறைமைக் காப்பு, கழிமுகம், கடலோர ஒழுங்குமுறை மண்டலம்

முன்னுரை

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவில் முட்டுக்காடு அமைந்துள்ளது. சாலைப் பாலத்தின் கிழக்கே கோவளத்துக் கழிமுகமும் கடலும், மேற்கே உப்பங்கழியும் உள்ளன. வடக்கிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் இவ்வுப்பங்கழியில் கலந்து மீண்டும் தெற்கே செல்கிறது. நீர்ப்பரப்பின் கரையில் 1984ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இயங்குகிறது. சற்றுத் தொலைவில், 1987இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் உள்ளது. பல்வகை ஊனமுற்றோர்க்கான தேசிய மேம்பாட்டு நிறுவனம் 2005இல் இவ்வூரிலேயே தொடங்கப்பட்டது. ஊரின் உள்ளாட்சி, திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த முட்டுக்காடு ஊராட்சியாகும். 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தின்கீழ் வந்தது.

பொதுமக்கள் பார்வையில் இவை யாவும் ‘கவர்மெண்ட்’. சட்டத்தின் பார்வையில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். உப்பங்கழியில் வலை வீசுவோர்க்கோ, படகில் ஏறும் பயணிக்கோ, ஆய்வு நிலையத்தில் பணியாற்றும் ஊழியர்க்கோ குறை ஏதும் நேருமாயின், முதலில் எழும் வினா ‘தவறு எது’ என்பதன்று. ‘எதிர்வாதி யார்’ என்பதே. அவ்வினாவுக்குத் தவறான விடை கண்டவரின் வழக்கு, உள்ளடக்கம் ஆராயப்படாமலே தள்ளுபடியாகலாம்.

அரசு, அரசாங்கம்: ஒரு சொற்குழப்பம்

தமிழில் இவ்வினாவை அணுகுவதில் மொழிசார்ந்த இடர் ஒன்றுண்டு. அன்றாட வழக்கில் ‘அரசு’ என்னும் சொல் ஆட்சித் துறைகளையும் குறிக்கும். அரசமைப்பின் மூன்றாம் பகுதிக்கு உட்பட்ட விரிந்த அதிகாரத் தொகுதியையும் குறிக்கும். ‘அரசு நிறுவனம்’ என்றால் துறையா, நிறுமமா, மானியம் பெறும் சங்கமா என்பது சொல்லிலிருந்து தெளிவாவதில்லை. இக்கட்டுரையில் அமைச்சகங்களும் துறைகளும் சேர்ந்த ஆட்சி ‘அரசாங்கம்’ எனவும், உறுப்பு 12 கூறும் விரிந்த பொருள் ‘அரசு’ எனவும் வழங்கப்படுகின்றன. அரசாங்கம் யாவும் அரசே. அரசு யாவும் அரசாங்கம் அன்று. முட்டுக்காட்டுச் சிக்கல்களுள் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் எழுகின்றன.

உறுப்பு 12, ஒன்றிய அரசாங்கமும் நாடாளுமன்றமும், மாநில அரசாங்கங்களும் சட்டமன்றங்களும், உள்ளாட்சிகளும், ‘பிற அதிகார அமைப்புகளும்’ அரசில் அடங்கும் என்கிறது. ஊராட்சியைப் பற்றி ஐயமில்லை; அது பெயர் சுட்டியே சேர்க்கப்பட்டுள்ளது. வழக்குகள் அனைத்தும் ‘பிற அதிகார அமைப்புகள்’ என்ற தொடரின் எல்லையைப் பற்றியவை. ராஜஸ்தான் மாநில மின்வாரிய வழக்கில் (1967) சட்டத்தால் உருவாக்கப்பட்டு அதிகாரம் பெற்ற வாரியம் அரசே என உச்ச நீதிமன்றம் கூறிற்று. சுக்தேவ் சிங் வழக்கில் (1975) எண்ணெய்-இயற்கை எரிவாயு ஆணையம், ஆயுள் காப்பீட்டுக் கழகம், தொழில் நிதிக் கழகம் ஆகியவை அரசு எனப்பட்டன. இவை யாவும் சட்டங்களின் நேரடிப் படைப்புகள். சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழோ நிறுமங்கள் சட்டத்தின்கீழோ பதிவாகும் அமைப்புகளின் நிலை வேறு. அவற்றை உருவாக்குவது தனிச்சட்டம் அன்று. எவரும் பயன்படுத்தத்தக்க பொதுச்சட்டமே.

சங்கத்தின் உருவில் அரசு

முட்டுக்காட்டு உவர்நீர் ஆய்வு நிலையம் இவ்வகைக்குச் சிறந்த சான்று. கொடுவா மீனைச் சிறைவளர்ப்பில் இனப்பெருக்கம் செய்யும் முறையை 1997இல் நாட்டில் முதன்முதலாக வெற்றிபெறச் செய்த நிறுவனத்தின் களம் அது. அந்நிறுவனத்திற்குத் தனிச் சட்ட ஆளுமை இல்லை. அது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஓர் உறுப்பு. அக்கழகமோ 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் 1929 ஜூலையில் பதிவான ஒரு சங்கம். ஆங்கிலேயர் ஆட்சியில் வேளாண்மைக்கான அரச ஆணையம் அளித்த பரிந்துரையின் பேரில் தோன்றிய அமைப்பு, விடுதலைக்குப் பின்னும் சங்கம் என்ற உருவிலேயே தொடர்கிறது. ஆக, அந்நிலையத்தின்மீது வழக்கு தொடுப்பவர் சட்டப்படி ஒரு சங்கத்தின்மீதே வழக்கு தொடுக்கிறார்.

சங்கம் அரசாகுமா? 1975இல், சுக்தேவ் சிங் தீர்ப்பு வெளிவந்த அதே காலத்தில், சபாஜித் திவாரி வழக்கில் அறிவியல்-தொழிலக ஆராய்ச்சிக் கழகம் அரசு அன்று என ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறிற்று. சங்கமாகப் பதிவானமையே அதற்குப் பெரிதும் ஆதாரமாயிற்று. பின்னர் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் (1979) போக்கு மாறத் தொடங்கி, ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில் (1981) அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. பங்கு மூலதனம் முழுதும் அரசாங்கத்துடையதா, செலவுகளை ஏறத்தாழ முழுமையாக அரசாங்கமே ஏற்கிறதா, முற்றுரிமை வழங்கப்பட்டுள்ளதா, கட்டுப்பாடு ஆழ்ந்து பரவியதா, ஆற்றும் பணி பொதுநலன் சார்ந்ததா, ஏற்கெனவே இருந்த துறையொன்று மாற்றி அமைக்கப்பட்டதா என்பன அவை. எப்படிப் பிறந்தது என்பதன்று, எதற்காக, யாருடைய கையில் இயங்குகிறது என்பதே வினா என்ற நிலை உருவாயிற்று.

வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலை இதன் தொடர்ச்சியாகவே தெளிவுபெற்றது. பணி நியமனத்தில் முறைகேடு நிகழ்ந்ததாகக் கூறி அறிவியலாளர்கள் தொடுத்த பி.கே.ராமச்சந்திர ஐயர் வழக்கின் தீர்ப்பு, 1983 இறுதியில் வழங்கப்பட்டு 1984ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றது. சங்கம் என்பது புறத்தோற்றமே. உள்ளமைப்பில் அது ஒன்றிய அரசாங்கத்தினின்றும் பிரிக்கவியலாத துணையுறுப்பு என்ற முடிவுக்கு நீதிமன்றம் வந்தது. எனவே முட்டுக்காட்டு நிலையத்தில் நடைபெறும் நியமனம், ஒப்பந்தம் ஆகியவற்றில் உறுப்பு 14இன் சமத்துவக் கட்டளை நேரடியாகப் பொருந்தும்.

எனினும் இத்தீர்ப்பு சங்கங்கள் யாவற்றுக்கும் பொதுவிதி அன்று. 1991இல் சந்தர் மோகன் கன்னா வழக்கில், தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு அரசு அன்று எனப்பட்டது. நிதியில் பெரும்பகுதியை அரசாங்கம் வழங்கிய சங்கம்தான் அதுவும். இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு வேறுபாட்டின் காரணம் எளிதில் புலப்படாது. இந்நிலையைச் சீராக்கும் பணி, ஏழு நீதிபதிகள் அமர்ந்த பிரதீப் குமார் பிஸ்வாஸ் வழக்கில் (2002) நடந்தது. ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் சபாஜித் திவாரி தீர்ப்பு தவறென விலக்கப்பட்டது. நிதி, செயற்பாடு, நிர்வாகம் ஆகிய மூன்றிலும் அரசாங்கத்தின் ஆதிக்கத்தில் அவ்வமைப்பு இருக்கிறதா, அக்கட்டுப்பாடு அதற்கே உரியதாகவும் ஆழ்ந்து பரவியதாகவும் உள்ளதா என்று ஆராய வேண்டும். வெறும் ஒழுங்குமுறைக் கட்டுப்பாடு போதாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். மாறுபட்ட கருத்தை நீதிபதி லகோட்டி எழுதினார். நீதிபதி துரைசாமி ராஜு அவருடன் உடன்பட்டார். அரசாங்கத்தின் கருவியாக இருப்பது ஒன்று, ‘அதிகார அமைப்பாக’ இருப்பது வேறொன்று என்ற அவர்களது வேறுபடுத்தல் ஏற்கப்படாவிடினும், உறுப்பு 12இன் சொற்களுக்கு நெருக்கமாக நின்றது அம்மாறுபட்ட கருத்தே எனக் கருத இடமுண்டு.

ஊனமுற்றோர்க்கான தேசிய நிறுவனத்தை பிஸ்வாஸ் அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். அது ஒன்றியச் சமூகநீதி அமைச்சகத்தின்கீழ் இயங்கும் சங்கம். அவ்வமைச்சகத்தின் நிதியில் நடப்பது. மூவகை ஆதிக்கமும் அதில் எளிதில் காட்டத்தக்கவை. ஆயினும் அங்குச் சிகிச்சைக்கோ பயிற்சிக்கோ வருபவர் உறுப்பு 12இன் வழியே செல்ல வேண்டிய கட்டாயமில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘அரசு நிறுவனம்’ என்பதற்குத் தானே இலக்கணம் வகுத்துள்ளது. அரசாங்கத்திற்கு உடைமையான, அதன் கட்டுப்பாட்டிலுள்ள, அல்லது உதவிபெறும் அமைப்பு எதுவும் அதில் அடங்கும். உள்ளாட்சியும் அரசு நிறுமமும் துறைகளும் அடங்கும். நீதிமன்றங்கள் முப்பத்தைந்து ஆண்டுகள் விவாதித்ததைச் சட்டமன்ற வரைவாளர் ஒரே உட்பிரிவில் முடித்துவிட்டார். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் (2005) ‘பொது அதிகார அமைப்பு’ என்ற இலக்கணமும் இத்தகையதே. ஒரே அமைப்பு ஒரு சட்டத்திற்கு அரசாகவும் மற்றொன்றுக்கு அவ்வாறன்றியும் இருக்கலாம். ‘இது அரசு அமைப்பா?’ என்று பொதுவாக வினவுவதில் பொருளில்லை, ‘எச்சட்டத்தின் தேவைக்கு?’ என்று சேர்த்தே வினவ வேண்டும்.

ஊழியர் தொடர்பில் மேலும் ஒரு படி உண்டு. நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் பிரிவு 14(2), சங்கங்களின் ஊழியர் வழக்குகளை மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் விசாரிக்க ஒன்றிய அரசாங்கத்தின் அறிவிக்கை தேவை என்கிறது. அறிவிக்கை வெளியானபின் முதல் மன்றம் தீர்ப்பாயமே. சந்திரகுமார் வழக்குக்குப் (1997) பின் உயர் நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் முடிவை மறுஆய்வு செய்யலாம். ஆனால் அங்கு நேரே செல்லவியலாது. வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அறிவிக்கைக்கு உட்பட்டது. அறிவிக்கையில் இடம்பெறாத சங்கத்தின் ஊழியர் உயர் நீதிமன்றத்தையே நாடலாம். அடுத்தடுத்த இரு வளாகங்களின் ஊழியர்களுக்கு மன்றம் வேறுபடுவதற்கு ஓர் அரசிதழ் வரி போதுமானது.

நிறுமத்தின் உருவில் அரசு

படகுக் குழாமை நடத்தும் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் பதிவான மாநில அரசாங்க நிறுமம். அரசு நிறுமம் அரசே என்பது பாரத் பெட்ரோலியம் தொடர்பான சோம் பிரகாஷ் ரேகி வழக்கில் (1981) உறுதியாயிற்று. ஆனால் அது அரசாங்கம் அன்று. ஹெவி இன்ஜினீயரிங் தொழிலாளர் சங்க வழக்கில் (1969) பங்குகள் முழுதும் குடியரசுத் தலைவர் பெயரில் இருந்தபோதும் நிறுமம் தனி ஆளே எனப்பட்டது. இவ்விரட்டைத் தன்மைக்கு நடைமுறை விளைவுகள் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 80 வலியுறுத்தும் இரண்டு மாத முன்னறிவிப்பு அரசாங்கத்துக்கும் பொது அலுவலர்க்கும் உரியது, நிறுமத்திற்கு உரியதன்று. காலவரையறைச் சட்டம் அரசாங்கத்துக்கு வழங்கும் 30 ஆண்டுக் காலமும் நிறுமத்திற்குக் கிட்டாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் கதை இதைவிடச் சுவையானது. இச்சாலையை மேம்படுத்திச் சுங்கம் வசூலிக்கும் பொறுப்பேற்ற தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுமம், 1998இல் தொடங்கப்பட்டபோது டிட்கோவும் தனியார் துறையைச் சார்ந்த ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுமமும் சரிபங்கு கொண்டிருந்தன. அன்றைய நிறுமங்கள் சட்டத்தின் பிரிவு 617இன்படி அரசு நிறுமமாவதற்குக் குறைந்தது 51 விழுக்காடு பங்கு வேண்டும். சரிபாதி என்னும் ஏற்பாடு அவ்வெல்லைக்கு ஒரு விழுக்காடு குறைவாக நின்றது. அரசாங்கம் வழங்கிய உரிமையில் பொதுச்சாலைக்குச் சுங்கம் வாங்கிய ஓர் அமைப்பு, அந்தப் பங்குக் கணக்கின்படி அரசு நிறுமமாக இருக்கவில்லை. ஆற்றும் பணியின்படியோ பொது அதிகாரத்தைச் செலுத்துவது. இத்தகைய இடத்தில் உறுப்பு 226இன் விரிவு உதவுகிறது. உறுப்பு 12இன் எல்லைக்கு வெளியே உள்ளவரும் பொதுக்கடமை ஆற்றுவாராயின் உயர் நீதிமன்றம் ஆணையிடலாம் என்பதை ஆண்டி முக்தா வழக்கும் (1989), கிரிக்கெட் வாரியம் தொடர்பான ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கும் (2005) நிலைநாட்டியுள்ளன.

தீங்கும் இழப்பீடும்

அரசு எனத் தகுதி பெற்ற அமைப்பு தானாகவே இழப்பீட்டுப் பொறுப்பாளி ஆகிவிடாது. உறுப்பு 12 அடிப்படை உரிமைகளுக்கான வாயில்; கவனக்குறைவால் நேரும் தீங்குக்கு உறுப்பு 300இன் வழியே காலனிய மரபொன்று குறுக்கிடுகிறது. கல்கத்தாவின் கிதர்பூர் கப்பல்தளத்தில் அரசாங்கத் தொழிலாளர் சுமந்த இரும்புத்துண்டு விழுந்து ஒரு குதிரை காயமுற்றது. அவ்வழக்கில் (1861) கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகச் செயல்களுக்கும் இறைமைச் செயல்களுக்கும் இடையே கோடு கிழிக்கப்பட்டது. வித்யாவதி வழக்கில் (1962), மாவட்ட ஆட்சியரின் ஊர்தியை ஓட்டியவர் செய்த விபத்துக்கு ராஜஸ்தான் அரசாங்கம் பொறுப்பாக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் கஸ்தூரிலால் வழக்கில் நிலை தலைகீழாயிற்று. மீரட் காவல் நிலையத்தில் பறிமுதல் செய்து வைக்கப்பட்ட தங்கத்தைத் தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். உடைமையாளர்க்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. அத்தீர்ப்பு முறையாக விலக்கப்படவில்லை; நாகேந்திர ராவ் வழக்கு (1994) முதலியவற்றால் தேய்க்கப்பட்டுள்ளது.

படகுச் சவாரி எந்த வரையறையிலும் இறைமைச் செயல் ஆகாது. கட்டணம் செலுத்தும் பயணி நுகர்வோர். லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்குக்குப் (1993) பின் பொது அமைப்பு என்பது நுகர்வோர் சட்டத்தினின்றும் தப்பும் வழியன்று. நாகேந்திர ராவ், லக்னோ ஆகிய இரு தீர்ப்புகளையும் எழுதியவர் நீதிபதி சகாய் ஒருவரே என்பது குறிக்கத்தக்கது. ஆபத்தின் அளவை அண்டை மாநிலம் கண்டுள்ளது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். படகை இயக்கியது அரசாங்கத் துறையன்று, முட்டுக்காட்டில் உள்ளதைப் போன்ற ஒரு நிறுமமே. இப்போது முட்டுக்காட்டில் இரண்டடுக்கு மிதவை உணவகக் கப்பல் தனியார் பங்கேற்புடன் அறிமுகமாகியுள்ள நிலையில் மற்றொரு கேள்வி எழுகிறது: இயக்குபவர் தனியார், இடமும் பெயரும் கழகத்துடையவை, பதிவும் தகுதிச் சான்றும் 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்கீழ் வேறொரு அதிகாரியுடையவை எனில் பொறுப்பு எவ்வாறு பகிரும்? டில்லி உப்ஹார் திரையரங்கத் தீ விபத்து வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் உரிமம் வழங்கிய அமைப்புகளை இழப்பீட்டினின்றும் விடுவித்து, திரையரங்க உரிமையாளரையும் மின்வாரியத்தையும் மட்டுமே 85:15 என்ற விகிதத்தில் பொறுப்பாக்கிற்று. தீய நோக்கம் காட்டப்படாதவரை ஒழுங்குமுறை அதிகாரி பணம் தரவேண்டியதில்லை என்பது அதன் விளைவு. சான்றிதழை நம்பிப் படகில் ஏறுபவர் நோக்கில் இது கடினமான சட்டமே.

சாலை, பாலம், மரம் ஆகியவற்றைப் பராமரியாமை பற்றிய தீர்ப்புகள் ஒரே திசையில் செல்லவில்லை. டில்லி மணிக்கூண்டு இடிந்த வழக்கில் (1966) மாநகராட்சி பொறுப்பாக்கப்பட்டது. தென்னார்க்காடு மாவட்டத்தில் மழையின்போது சிறுபாலம் சரிந்து பேருந்து கவிழ்ந்த வேதாந்தாச்சார்யா வழக்கில் (1987) ‘கனமழை’ என்ற நெடுஞ்சாலைத் துறையின் எதிர்வாதம் எடுபடவில்லை. ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து வழிப்போக்கர் இறந்த வழக்கிலோ (1997) மாநகராட்சி பொறுப்பன்று எனப்பட்டது. முதலிரண்டிலும் அமைப்பு தானே கட்டியதோ கைக்கொண்டு பேணியதோ இடிந்தது; மூன்றாவதில் இயற்கைப் பொருள் ஒன்று எதிர்பாராமல் விழுந்தது. இவ்வேறுபாடு முழுமையாக மனநிறைவு அளிப்பதன்று எனினும், வடகிழக்குப் பருவமழையில் ஆண்டுதோறும் நீர் பெருகும் முட்டுக்காட்டுப் பாலத்தையும் அதன் அணுகுபாதைகளையும் பொறுத்தவரை வேதாந்தாச்சார்யா தீர்ப்பே நெருக்கமான முன்மாதிரி.

விரைந்த தீர்வாக உயர் நீதிமன்றத்தை நாடுவோர் கவனிக்க வேண்டியது தமிழ்நாடு மின்வாரியம் எதிர் சுமதி வழக்கு (2000). மின்கம்பி தொடர்பான இறப்புகளில் கவனக்குறைவை வாரியம் மறுத்து, உண்மைகள் சச்சரவுக்குள்ளானபோது நீதிப்பேராணை மனுவில் இழப்பீடு வழங்குதல் பொருந்தாது எனப்பட்டது. எஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம். அங்கோ, சட்டமொன்றின்படி செய்ததாகக் கூறப்படும் செயலுக்கோ செய்யாமைக்கோ இழப்பீடு கோரும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டத்தின் உறுப்பு 72 விதிக்கும் காலம் ஓராண்டு மட்டுமே.

கழிமுகம்: அதிகாரம் பலருக்கு, கடமை எவருக்கு?

இதுவரை கூறியவற்றுள் எதிர்வாதியைத் தேடிக் கண்டறிய முடிந்தது. கோவளத்துக் கழிமுகம் இதற்கு விலக்கு. கடலலைகள் கொணரும் மணலால் முகத்துவாரம் கோடையில் தூர்ந்து, மழைக்கால வெள்ளத்தாலோ இயந்திரத்தாலோ திறக்கப்படுகிறது. அது மூடியிருக்கும்போது கடல்நீர் உட்புகாமல் உப்பங்கழியின் உவர்ப்பு மாறுகிறது. இறால், மீன் குஞ்சுகளின் வரவு தடைப்படுகிறது. கையால் தடவியும் சிறுவலை வீசியும் பிழைக்கும் இருளர் உள்ளிட்ட உள்நாட்டு மீனவர்களே இதனை முதலில் உணர்வர். திறக்கத் தாமதமாயின் பருவமழை நீர் மேற்கிலுள்ள தாழ்நிலங்களில் தேங்கும்.

சட்டப்படி இந்நீர்ப்பரப்பின் மேல் அதிகாரம் உடையோர் பலர். நீர்வளமும் கரைநோக்கிய மீன்வளமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. பக்கிங்காம் கால்வாய் 2008இல் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டமையால் இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையம் என்ற ஒன்றியச் சட்ட அமைப்பு உள்ளே வருகிறது. 1991 பிப்ரவரி 19 அறிவிக்கை தொடங்கி 2011, 2019 அறிவிக்கைகள்வரை கடலோர மண்டலத்தில் எது செய்யலாம் என்பதை முடிவுசெய்வது சுற்றுச்சூழல் அமைச்சகமும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையமும். கழிவுநீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கரையின் குப்பைக்கு ஊராட்சி.

1991 அறிவிக்கை, நிலமீட்பையும் நீரோட்டத் தடையையும் விலக்கியபோதே, நீர்வழிகளைத் தூர்வாருதலையும் மணல்திட்டு உருவாவதைத் தடுத்தலையும் அத்தடையினின்றும் ஒதுக்கி வைத்தது. ஆனால் அவ்வொதுக்கீடு தூர்வாருவதற்கான அனுமதியே. தூர்வாரியாக வேண்டும் என்ற கட்டளையன்று. செயலுறுத்து நீதிப்பேராணைக்குச் சட்டக் கடமை வேண்டும். ‘செய்யலாம்’ என்பதைச் ‘செய்ய வேண்டும்’ எனப் படிக்கும் வாய்ப்பு உண்டு. குறிப்பிட்ட மக்களின் நலனுக்காக அளிக்கப்பட்ட அதிகாரம் உரிய சூழலில் கடமையாக மாறும் என்பது 1880இல் ஆங்கிலேயப் பிரபுக்கள் அவை ஆக்ஸ்ஃபோர்டு ஆயர் வழக்கில் கூறி இந்திய நீதிமன்றங்கள் ஏற்ற நெறி. பொது நம்பிக்கைக் கோட்பாடு அதற்கு வலுவூட்டுகிறது. கமல்நாத் வழக்கில் (1996 டிசம்பர்) ஆறு, கடற்கரை போன்றவற்றை அரசு மக்களுக்காகப் பொறுப்பாளராகவே வைத்திருக்கிறது எனப்பட்டது. ஆயினும் அக்கோட்பாடு பெரிதும் பயன்பட்டது பொதுச்சொத்தைத் தனியார்க்கு அளிப்பதைத் தடுக்கவே. அளிக்கவும் இல்லை, பேணவும் இல்லை என்ற வகைப் புறக்கணிப்பை அது எவ்வளவு எட்டும் என்பது இன்னும் வளரவேண்டிய பகுதி.

ஊராட்சியின் நிலை இதற்கு நேர்மாறு. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் பிரிவு 110 சாலை, விளக்கு, வடிகால், தூய்மை, குடிநீர் முதலியவற்றைக் கடமைகளாக விதிக்கிறது. பிரிவு 111 வேறு சிலவற்றை விருப்பதிகாரமாக வைக்கிறது. ரத்லம் நகராட்சி வழக்கில் (1980) நீதிபதி கிருஷ்ணய்யர், நிதியின்மை கடமை தவறுதற்கு விடையாகாது எனத் தீர்ப்பளித்தார். ஆக, மிகக் குறைந்த வருவாயுடைய அமைப்பின்மீது மிகத் தெளிவான கடமையும், நிதியும் இயந்திரமும் உடைய துறைகள்மீது தெளிவற்ற அதிகாரமும் சட்டத்தால் சுமத்தப்பட்டுள்ளன. வருவாயிலும் ஒரு நுணுக்கம் உள்ளது. உறுப்பு 285 ஒன்றியச் சொத்துக்கு உள்ளாட்சி வரியினின்றும் விலக்களிக்கிறது. ஆனால் வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கும் (1982) இந்திய உணவுக் கழக வழக்கும் (1999) தனிச் சட்ட ஆளுமை உடைய அமைப்பின் சொத்து ஒன்றியச் சொத்து அன்று என்கின்றன. சங்கமாக இயங்கும் ஒன்றிய நிறுவனங்களின் கட்டடங்கள் எவர் பெயரில் உள்ளன என்பதைப் பொறுத்தே ஊராட்சியின் வரியுரிமை அமையும்.

ஒழுங்குபடுத்தும் அரசும் விலக்குப் பெறும் அரசும்

தமிழ்நாட்டுக் கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது அமர்வு கடலோர மண்டலத்தில் மரபுவழி அல்லாத இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. அதற்கென ஓர் ஆணையம் அமைக்கவும் பணித்தது. மீன்வளர்ப்பு ஆணையம் 1997இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது. நாடாளுமன்றம் 2005இல் இயற்றிய கடலோர நீர்வாழுயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் 1991 அறிவிக்கையையே முன்தேதியிட்டுத் திருத்தி, தீர்ப்பின் அடித்தளத்தை நீக்கியது. நீதிமன்ற ஆணையைச் சட்டம் கடந்துசென்ற இவ்வரலாறு பரவலாக அறியப்பட்டதே.

குறைவாகக் கவனிக்கப்படுவது அச்சட்டத்தின் பிரிவு 13(8). உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், கடலோர மண்டலத்திலுள்ள ஓடை, ஆறு, உப்பங்கழிகளிலும் வளர்ப்பு கூடாது என அது தடுத்தது. உடனே ஒரு விலக்கு: ஏற்கெனவே இருந்த பண்ணைகளுக்கும், அரசாங்கத்தின் அல்லது அரசாங்க நிதிபெறும் ஆய்வு நிறுவனம் நடத்தும் வணிகமல்லாத சோதனைப் பண்ணைகளுக்கும் இத்தடை பொருந்தாது. முட்டுக்காடு போன்ற ஆய்வு நிலையங்களை மனத்திற்கொண்டே இவ்விலக்கு அமைந்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் குஞ்சு பொரிப்பகம் முதலிய வசதிகளுக்கு இடத்தை மேலும் விரித்தது.

ஆய்வுக்கு உவர்நீர் அருகில் வேண்டும் என்பது நியாயமே. வினா விலக்கின் எல்லையைப் பற்றியது. ‘வணிகமல்லாத’ என்ற சொல், ஆய்வு நிறுவனங்கள் தொழில்நுட்பத்தை உரிமமாக விற்றும் குஞ்சுகளை விலைக்கு வழங்கியும் வருவாய் ஈட்டுமாறு ஊக்குவிக்கப்படும் காலத்தில் எவ்வளவு தாங்கும்? பிஸ்வாஸ் அளவுகோலின்படி அரசாக இருப்பதால் ஒரு நிறுவனம் கூடுதல் கடமைக்கு உட்படுகிறது. பிரிவு 13(8)இன்படி அரசாங்க நிதி பெறுவதால் ஒரு தடையினின்றும் விடுபடுகிறது. விலக்கைப் பயன்படுத்தும் முறை நியாயமற்றதாக இருப்பின், அதனை உறுப்பு 14இன்கீழ் ஆராயும் வாயில் முதற்கூற்றாலேயே திறந்திருக்கிறது என்பதே இவ்விரண்டையும் இணைத்துப் படிப்பதன் பயன்.

எதிர்வாதியைத் தேடும் சுமை

துறைகளைப் பொறுத்தவரை உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஓர் எளிமையை வழங்குகிறது. பிரிவு 79இன்படி நீர்வளம், மீன்வளம், வருவாய் எத்துறையாயினும் எதிர்வாதி ‘தமிழ்நாடு மாநிலம்’ ஒன்றே. பிரிவு 80இன்படி முன்னறிவிப்பை மாவட்ட ஆட்சியரிடமே அளிக்கலாம். செங்கல்பட்டில் கொடுக்கப்படும் ஒரே கடிதம் அத்துணைத் துறைகளுக்கும் போதும். நிறுமம், சங்கம், நீர்வழி ஆணையம், ஊராட்சி ஆகியவை அக்கடிதத்தின் எல்லைக்கு வெளியே நிற்பவை. ஒவ்வொன்றையும் தனித்தனியே இணைத்தாக வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் பலரையும் ஒருங்கே எதிர்மனுதாரர் ஆக்கலாம். ஆனால் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 14 அதற்கு ஆறு மாதங்களே தருகிறது.

உரிய அமைப்பைக் கண்டறியும் சுமையைக் குடிமகனிடமிருந்து அலுவலகத்துக்கு மாற்றும் விதியொன்று தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் உள்ளது. பிரிவு 6(3)இன்படி, தன்னிடம் இல்லாத தகவலைக் கோரும் மனுவைப் பெற்ற பொது அதிகார அமைப்பு, ஐந்து நாட்களுக்குள் அதனை உரிய அமைப்புக்கு மாற்றி, மனுதாரர்க்கும் தெரிவிக்க வேண்டும். கழிமுகத்தின் மணல் அகற்றும் பொறுப்பு யாருடையது என்ற வினாவை முதலில் எழுப்பத்தக்க இடம் அதுவே. எனினும் மத்தியப் பணியாளர் துறை 2008இல் வெளியிட்ட குறிப்பாணை, கோரப்பட்ட தகவல் ஒன்றுக்கு மேற்பட்ட பிற அமைப்புகளிடம் சிதறிக் கிடப்பின் மனுவை அவை ஒவ்வொன்றுக்கும் மாற்றத் தேவையில்லை; தனித்தனியே விண்ணப்பிக்குமாறு மனுதாரர்க்கு அறிவுறுத்தினால் போதும் என்கிறது. முட்டுக்காட்டுக் கழிமுகத்தைப் பற்றிய தகவல் அவ்வாறு சிதறியிருப்பதே.